கையில் பிடித்த உரல்

எங்கள் அசைன்மென்ட் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வரி மட்டும் இருந்தது: "எல்லாம் நல்லா இருக்கு. ஆனா இதைச் சுட்டது யார்?" மார்க்ஸ் போடப்படவில்லை. திருத்தி எழுதித் தரச் சொல்லிவிட்டு மிஸ் அடுத்த குழுவைக் கூப்பிட்டா.

பாடம் வரலாறு. ஏதாவது ஒரு பொருளை எடுத்து அதன் வாழ்க்கைக் கதையை எழுதவேண்டும். நாங்கள் மூன்று பேர்: ஒருத்தி முல்லைத்தீவுப் பக்கம், ஒருத்தி ஹற்றன், ஒருவன் மட்டக்களப்பு. கன்ரீனில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்பதைத் தவிர ஒரு குழுவாகச் சேர எங்களுக்கு வேறு காரணம் கிடையாது. நாங்கள் எடுத்த பொருள் லெவ்கே பீரங்கி. 2023 டிசம்பரில் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பித் தந்த ஆறு பொருட்களில் பெரிய பேர் எடுத்தது அதுதான். விடிய நாலரைக்குப் பேராதனையில் பஸ் ஏறி, கடுகண்ணாவை இறக்கத்தில் ஒருத்தி சத்தி எடுத்து, ஒருமாதிரி கொழும்பு தேசிய நூதனசாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பீரங்கி சரியான வடிவு. அதை மறைக்க ஏலாது. வெண்கல உடம்பு, மேலே பொன்னும் வெள்ளியும், சிவப்புக் கற்கள். சூரியன், பிறை, சிங்கம். லெவ்கே திசாவை 1745-46 அளவில் கண்டி அரசன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனுக்குக் கொடுத்தது. (அவர்தான் கண்டிச் சிம்மாசனத்தில் ஏறிய முதல் நாயக்கர். மதுரைப் பக்கத்துச் சம்பந்தம். இதைச் சொன்னால் பஸ்ஸிலேயே ஒரு மணித்தியாலம் சண்டை பிடிக்கலாம், பிடித்தோம்.) 1765 பெப்ரவரியில் ஒல்லாந்த ஆளுநர் வான் எக்கின் படை கண்டி அரண்மனைக்குள் புகுந்து கொள்ளையடித்தபோது இதுவும் போனது. ஐரோப்பாவுக்குப் போய் ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியமின் சேகரிப்பில் இருந்து, கடைசியில் அம்ஸ்ரடாமின் றைக்ஸ் மியூசியத்தில் குடியேறி, 258 வருடம் கழித்து விமானத்தில் திரும்பி வந்தது.

இவ்வளவையும் எழுதியிருந்தோம். கற்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம். கொள்ளையடித்த பொருளை யார் யாருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது பற்றி நாலு பக்கம், கொஞ்சம் கோபமாகவே. பதினாலு பக்கத்தில் ஒரு இடத்திலும் வெடிமருந்து என்ற சொல் வரவில்லை.

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. அது பரிசுப் பொருள் மிஸ், அதை ஒருத்தரும் சுட்டிருக்கமாட்டினம் என்று போய்ச் சொல்லலாமா என்றுகூட யோசித்தோம். பிறகு குறிப்புக் கொப்பியைத் திரும்பப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. வந்த ஆறு பொருட்களில் இரண்டு, மகா துவக்கு. மதிலில் ஊன்றி வைத்துச் சுடுகிற பெரிய துவக்குகள். நாங்கள் அவற்றுக்கு அரை வரி கொடுத்திருந்தோம். "மேலும் இரண்டு துவக்குகளும் இருந்தன." அவ்வளவுதான். அவற்றில் கல் அவ்வளவாக இல்லைத்தானே.

துவக்கு. இந்தச் சொல்லில் ஒரு நாள் முழுக்க நின்றோம். சின்ன வயதில் எங்களுக்கு அது துவக்குத்தான். துப்பாக்கி என்ற சொல்லைச் சினிமாதான் சொல்லித் தந்தது. இரண்டுக்கும் தாய் ஒன்று, துருக்கி மொழியின் துஃபெக். கடல் வழியாகவும் தரை வழியாகவும் வந்து, தமிழ்நாட்டில் ஒரு மாதிரியும் எங்களிடம் ஒரு மாதிரியும் வாயில் தேய்ந்திருக்கிறது. சிங்களத்தில் துவக்குவ. ஆகக் கண்டி அரண்மனை மதிலில் இருந்த ஆயுதத்துக்கும் வன்னியில் பன்றிக்குக் காவலிருக்கிற ஆயுதத்துக்கும் ஒரே பெயர். எங்களோடு படிக்கிற சிங்களத் தோழி ஒருத்தியின் குடும்பப் பெயர் கொடித்துவக்கு. நாட்டில் ஆயிரக்கணக்கான பேருக்கு இருக்கிற பெயர்தான் அது. "உன்ரை பெயருக்குள்ள துவக்கு இருக்கு தெரியுமா?" என்று கேட்டோம். அவ சிரித்தா. பிறகு வீட்டுக்கு போன் எடுத்தா. அவவின் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

கண்டி அரசில் கொடித்துவக்குக்காரர் என்று ஒரு தனிப் பிரிவு இருந்தது. கண்டியில் பிரித்தானியரின் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொய்லி அந்த அரசின் அமைப்பைப் பற்றி எழுதி வைத்த குறிப்புகளில் அவர்கள் வருகிறார்கள். கொடித்துவக்கு என்பது ஒரு சின்னப் பீரங்கி. முன்னுக்கு மரக்கால்கள், பின்னுக்கு ஆள் பிடிக்கிற பிடி. ஆங்கிலேயர் அதை வெட்டுக்கிளி என்று கூப்பிட்டார்கள். கால்களை நினைத்தால் காரணம் விளங்கும். கண்டி மலைகளில் சில்லுப் பூட்டிய பீரங்கியை இழுத்துக்கொண்டு ஏற ஏலாது. அதனால் பீரங்கி சின்னதாகி ஆளின் தோளுக்கு வந்தது. அதைச் சுமந்தவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்றைக்கு எங்களோடு கன்ரீனில் பராட்டா சாப்பிடுகிறார்கள்.

ஆகவே "சுட்டது யார்" என்பதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் எப்படிச் சுட்டார்கள், சுடும்போது என்ன நடக்கும் என்பது கலைப்பீடக்காரரான எங்களுக்கு விளங்கவில்லை. ஆள் ஒருவர் தனியாகத் தூக்கிச் சுடுகிற பீரங்கி வேறு எங்கே எல்லாம் இருந்தது என்று தேடத் தொடங்கினோம். ஒரு இரவு ஹொஸ்டலில் அப்படித் தேடும்போதுதான் அந்தப் படம் வந்தது. மூன்று பேரும் சிரித்துவிட்டோம். ஒரு நல்ல மரப்பிடி, துவக்கின் விசை, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. குழல் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பித்தளைச் செம்பை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது. கட்டை, அகலம். வாய் ஆறேழு சென்ரிமீற்றர். யாரோ பகிடிக்குச் செய்த மாதிரி.

அதன் பெயர் கை மோட்டார்.

மோட்டார் என்றதும் எங்களில் ஒருத்தியின் சிரிப்பு நின்றது. சின்ன வயதில் அவவுக்கு மோட்டார் என்றால் இரண்டு சாமான். ஒன்று தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிறது, மற்றது பங்கருக்குள் ஓட வைக்கிறது. இரண்டும் ஏன் ஒரே பெயர் என்று அம்மாவிடம் கேட்டாவாம். அம்மாவுக்குத் தெரியவில்லை. இப்போதுதான் தெரிகிறது: வேறு வேறு சொற்கள், தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. தண்ணி இறைக்கிற மோட்டார் அசைவு என்ற பொருளில் இருந்து வருகிறது. குண்டு எறிகிற மோட்டார் லத்தீனில் உரல். கட்டையான, வாய் அகன்ற, மேலே பார்த்துக்கொண்டிருக்கிற பீரங்கியைப் பார்த்த ஐரோப்பியருக்குச் சமையலறை உரல்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அது எறிகிற கிரனேட்டின் பெயரும் குசினிப் பக்கம்தான், பிரெஞ்சு மொழியில் மாதுளம்பழம். உருண்டை, உள்ளே நிறைய மணிகள். உரலில் மாதுளம்பழம். கேட்க ஏதோ சம்பல் அரைக்கிற மாதிரி இருக்கிறது.

கையால் பிடிக்கிற பீரங்கி இதற்கு முந்தியும் இருந்தது. சீனாவின் ஹெய்லோங்ஜியாங்கில் 1970இல் எடுத்த வெண்கலக் கைப்பீரங்கி 1288 அளவுக்கு உரியது என்கிறார்கள். ஜெர்மனியில் 1399இல் இடிக்கப்பட்ட டானன்பர்க் கோட்டையில் கிடைத்த ஒன்று ஒன்றேகால் கிலோவுக்குக் கிட்டத்தான். இவற்றில் விசை கிடையாது. ஒரு கையால் அதைப் பிடித்து மற்றக் கையால் நெருப்பு வைக்கவேண்டும், அல்லது நெருப்பு வைக்க இன்னொரு ஆள் வேண்டும். குறி பார்ப்பதா, நெருப்பைப் பார்ப்பதா என்பது அந்தக் காலத்துச் சிப்பாயின் பெரிய பிரச்சினை.

சக்கிமுக்கிக்கல் விசை அந்தக் கையை விடுவித்தது. பிரான்சில் 1610 அளவில் உருவாகி, அடுத்த இரண்டு நூற்றாண்டு உலகம் முழுக்க இதுதான். கல்லைக் கவ்விய ஒரு சின்ன இரும்புக் கை. ஆங்கிலேயர், ஒல்லாந்தர், ஜெர்மானியர் எல்லாரும் தங்கள் தங்கள் மொழியில் அதைச் சேவல் என்றே கூப்பிட்டார்கள். விசையை இழுத்தால் சேவல் முன்னுக்குப் பாய்ந்து உருக்குத் தகட்டில் கொத்தும். பொறி பறந்து கீழே உள்ள சின்னக் கிண்ணத்து மருந்தில் விழும். அந்த நெருப்பு ஊசித் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்றவைக்கும். எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில், சரியாக நடந்தால். மழைத் தூறல் விழுந்தாலோ, துளையில் கரி அடைத்தாலோ, கல் தேய்ந்தாலோ கிண்ணத்தில் மட்டும் புஸ் என்று ஒரு நெருப்பு எழும்பி அடங்கிவிடும். சாதாரணத் துவக்கென்றால் ஒன்றும் இல்லை. திரும்பக் கிண்ணத்தை நிரப்பிச் சுடலாம்.

கை மோட்டாரில்தான் பிரச்சினை. ஏனென்றால் அதில் இரண்டு நெருப்பு.

அது எறிவது ஈயக் குண்டை அல்ல. உள்ளே வெடிமருந்து நிரப்பிய இரும்புக் கைக்குண்டை. அந்தக் குண்டுக்குத் தனியாக ஒரு திரி. சிப்பாய் முதலில் திரியைப் பற்றவைக்கவேண்டும், பிறகு விசையை இழுக்கவேண்டும். விசை வேலை செய்தால் குண்டு பறந்துபோய் எதிரியின் பக்கம் வெடிக்கும். செய்யாவிட்டால்? திரி எரிந்துகொண்டே இருக்கும். குண்டு குழலுக்குள். குழல் உங்கள் கையில். கையை விட்டுவிட்டு ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் யோசிக்கவேண்டும்.

இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை.

ஒரு நெருப்பிலேயே காரியத்தை முடிக்கவும் பார்த்திருக்கிறார்கள். குண்டைத் தலைகீழாக, திரி மருந்தைப் பார்க்க வைத்தால், குண்டைத் தள்ளுகிற நெருப்பே திரியையும் பற்றவைக்கும். புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்த அடியில் திரி சில வேளை குண்டுக்குள்ளேயே தள்ளப்பட்டுவிடும். அப்படியானால் விசை சரியாக வேலை செய்ததே குற்றம், குண்டு குழலுக்குள்ளேயே வெடிக்கும். பிடிக்குள் குண்டுக் கிண்ணத்தை ஒளித்து வைத்த துவக்குகளும் உண்டு. முன்னுக்குச் சாதாரணத் துவக்கு, திருப்பிப் பிடித்தால் மோட்டார். செய்தவருக்கு அதில் சரியான சந்தோஷம் வந்திருக்கும்.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று கேட்டால், கையால் எறிவது அதைவிடப் பயங்கரம். 17ஆம் நூற்றாண்டில் கைக்குண்டு எறியவென்றே தனி ஆட்களை எடுத்தார்கள். பிரான்சில் 1667இல் தொடங்கியது. உயரமான, தோள் பலமான ஆட்கள். ஒரு கிலோ இரும்பை எறிய எதிரிக்கு மிகவும் கிட்டப் போகவேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று எறிய ஏதாவது கருவி வேண்டும் என்ற ஆசையில் பிறந்ததுதான் கை மோட்டார். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை செய்து பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். ஒல்லாந்தப் பொறியியலாளர் மென்னோ வான் கூஹூர்ன் 1670களிலேயே வேறு பாதை எடுத்துவிட்டார். அவரும் சின்ன மோட்டார்தான் செய்தார், நாலு பேர் தூக்கிக்கொண்டு போகக்கூடியது, ஆனால் சுடும்போது மரப்பலகையில் வைத்துத் தரையில். உரலைக் கையிலிருந்து இறக்கிவிட்டார். அது இருநூறு வருடம் நின்றுபிடித்தது. ஒரு ஆள் தோளில் வைத்து ஓரளவு பயமில்லாமல் குண்டு எறிய 1961இல் அமெரிக்க இராணுவம் எடுத்த எம்-79 வரைக்கும் காலம் பிடித்தது என்று சொல்லலாம். அதன் குண்டு குழலை விட்டுச் சுழன்று கொஞ்சத் தூரம் போன பிறகுதான் வெடிக்கத் தயாராகும். சுடுகிறவரின் கையைப் பற்றி யோசிக்க மனிதர்களுக்கு அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. சுடப்படுகிறவரின் கையைப் பற்றி இன்னும் ஒருவரும் யோசிக்கவில்லை, அது வேறு கதை.

பொறியியற்பீடத்து நண்பன் ஒருவனைப் பிடித்து ஒரு கணக்குப் போட்டோம். மஸ்கெட் குண்டு முப்பது கிராம் அளவு, வேகம் வினாடிக்கு 450 மீற்றர் என்று வைத்தால் உந்தம் 13.5. ஒரு கிலோ கைக்குண்டு தொண்ணூறு மீற்றர் போகவேண்டுமென்றால், காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், வினாடிக்கு 30 மீற்றர் வேகம் வேண்டும். உந்தம் 30. "இரண்டு மஸ்கெட்டை ஒரே நேரத்தில தோளில வைச்சுச் சுடுறதைவிடக் கூட," என்றான். "உங்கட ஃபகல்ட்டியில இதெல்லாம் படிப்பிக்கினமா?"

அடுத்த நீண்ட விடுமுறைக்கு மூன்று பேரும் முல்லைத்தீவுக்குப் போனோம். அசைன்மென்ட்டுக்காக இல்லை. கடலில் குளிக்க, நண்டுக்கறி சாப்பிட. ஆனால் போன் கையில் இருந்தது, படமும் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் தோழியின் பெரியப்பா முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "என்னத்தைப் பாத்துச் சிரிக்கிறியள்?" என்று கேட்டார். காட்டினோம்.

அவர் போனை வாங்கி வலது கையில் வைத்துப் பார்த்தார். இடது கையில் அவருக்குப் பெருவிரலும் சுண்டுவிரலும் நடுவில் ஒரு பாதி விரலும்தான். எங்கள் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் நினைப்பதைத்தான் நாங்களும் நினைத்திருந்தோம்.

"இது முன்னால போடுறது," என்றார். "இடியன்."

இடியன் துவக்கு தெரியாதவர்களுக்கு: வாய்ப் பக்கத்தால் மருந்தும் சன்னமும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்குகிற நாட்டுத் துவக்கு. இடித்து இடித்துச் சுடுவதால் இடியன். வன்னியிலும் கிழக்கிலும் பன்றிக்கும் மானுக்கும் காட்டோரத்து ஆட்கள் வைத்திருந்தது. இப்போதும் இடியனோடு ஆள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். முந்நூறு வருடத்துக்கு முந்தி ஐரோப்பியச் சிப்பாய் தன் துவக்கை நிரப்பிய அதே முறை. விசை மட்டும் வேறு.

"இதின்ரை வாயைப் பார். இவ்வளவு அகலம். இதைத் தோளில வைச்சவன் விசரன்." பெரியப்பா படத்தைப் பெரிதாக்கிப் பிடியின் வளைவைப் பார்த்தார். "நிலத்தில ஊண்டித்தான் சுட்டிருப்பான். இல்லாட்டி இடுப்போட சேத்து. தோள் எலும்பு நிக்காது பிள்ளை." பொறியியற்பீடம் கடதாசியில் போட்ட கணக்கை அவர் கண்ணால் போட்டார்.

மோட்டார் என்றால் உரல்தான் பெரியப்பா என்று சொன்னோம். அவர் திரும்பிக் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். அங்கே பெரியம்மாவின் உரல் சரிந்து கிடந்தது, மழைத்தண்ணி நிறைந்து, நுளம்பு முட்டை போட்டிருக்கும். "அப்ப எங்கட பெயரும் அதுதானே. இடியன்." தேத்தண்ணி கொண்டுவந்த பெரியம்மா எங்களைப் பார்க்காமலே சொன்னா, "உரலுக்க தலையைக் குடுத்தாப் பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன." அது அவவின் பழைய கோபம் என்பது பிறகுதான் விளங்கியது.

பெரியப்பாவின் விரல் போனது சண்டையில் இல்லை. தொண்ணூறுகளில் ஒரு இரவு, சோளச் சேனையில் பன்றிக்குக் காவலிருந்தபோது. முதல் தரம் விசையை இழுத்தார், கேப் மட்டும் வெடித்தது. கொஞ்சம் பொறுத்தார். ஒன்றும் இல்லை. குழலை இடது கையால் பிடித்துத் தன் பக்கம் சரித்துப் பார்க்கும்போது உள்ளே கிடந்த மருந்து பிந்திப் பற்றியது. குழல் பிடியோடு சேருகிற இடத்தில் பிளந்தது. "முகத்துக்கு வரேல்ல, அது பெரிய காரியம்," என்றார். சொன்ன விதத்தில் பெருமையும் இல்லை, கவலையும் இல்லை. ஒரு மாடு காணாமல் போனதைச் சொல்வது மாதிரி.

நாங்கள் முந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஆயுதத்தைப் பற்றி வாசித்துப் பயந்த அதே பயம் அது. இழுத்தாயிற்று, வெடிக்கவில்லை, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை.

அவர் அதோடு நிற்பாட்டியிருப்பார். தோழிதான், "முகாமில நடந்ததைச் சொல்லுங்கோ பெரியப்பா," என்றா. 2009இல் முகாமில் ஆட்களைப் பிரித்துப் பதிந்தபோது விரல் இல்லாத கை ஒரு கேள்வி. பன்றிக்குச் சுட்டது என்று சொன்னார். மொழிபெயர்த்தவர் அதைச் சொன்னாரா என்று தெரியாது. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. எந்த வருடம், எந்த இடம், யார் மருந்து கட்டியது. ஊர் ஆட்கள் மூன்று பேர் வந்து, ஓம், இவர் சேனைக்காரன், இது இடியன் வெடிச்சது என்று சொல்லவேண்டி வந்தது. கடைசியில் ஏதோ எழுதிக்கொண்டு விட்டார்கள். "என்ன எழுதினவங்கள் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது," என்றார். "நான் கையெழுத்து வைச்சனான். வலது கைதானே, அது நல்லாத்தானே இருக்கு."

அன்றிரவு நாங்கள் மூன்று பேரும் நித்திரை கொள்ளாமல் ஒன்றைப் பற்றிக் கதைத்தோம். இங்கிலாந்தின் லீட்ஸில் உள்ள ரோயல் ஆர்மரீஸ் போன்ற நூதனசாலைகளில் கை மோட்டார்கள் இருக்கின்றன. அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றின் படங்களைப் பார்த்தால் நல்ல வடிவாக இருக்கின்றன. பித்தளை மினுங்குகிறது, பிடியில் செதுக்கல் வேலை. அவை வெடித்துச் சிதறாதவை. சிதறியவற்றை யார் எடுத்து வைப்பார்கள்? பித்தளையை உருக்கியிருப்பார்கள், மரத்தை எரித்திருப்பார்கள். ஆக நூதனசாலைக்குப் போகிறவருக்குக் கை மோட்டார் என்பது எப்போதும் முழுசாக இருக்கிற ஒரு சாமான். அது ஆபத்தானது என்று புத்தகம் சொல்கிறது, பொருள் சொல்லவில்லை. பிளந்த குழல் ஒன்றைப் பார்க்கவேண்டுமென்றால் லீட்ஸில் இல்லை. பெரியப்பாவின் இடியன் பிளந்த அன்றைக்கே அதைக் குளத்துக்குள் எறிந்துவிட்டாராம். குளத்திலும் இல்லை. அந்தக் கையில்தான் இருக்கிறது.

கம்பஸுக்குத் திரும்பி வந்து அசைன்மென்ட்டைத் திரும்ப எழுதினோம். லெவ்கே பீரங்கியைப் பற்றிய பதினாலு பக்கம் ஐந்தாகச் சுருங்கியது. மகா துவக்குக்கு மூன்று பக்கம். கண்டித் துவக்குகளில் விசை இடப்பக்கம் இருப்பதைப் பற்றி எழுதினோம். அதைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஹொஸ்டல் தும்புத்தடியைத் தோளில் வைத்து நின்று பார்த்துத்தான் அந்தப் பந்தியை எழுதினோம், வோர்டன் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. மருந்து எங்கிருந்து வந்தது என்று தேடி நக்கிள்ஸ் மலைக் குகைகளுக்குப் போனோம், புத்தகத்தில்தான். ஜோன் டேவி 1821இல் வந்த தன் நூலில் வெடியுப்புக் குகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குகை மண்ணில் வௌவால் எச்சம் ஊறி ஊறி வருகிற உப்பு. வெடிமருந்தில் நாலில் மூன்று பங்கு அதுதான். அரசனின் பீரங்கிக்கு வேண்டிய மூச்சை இருட்டுக்குள் குனிந்து சுரண்டி எடுத்த ஆட்களும் "சுட்டது யார்" என்ற கேள்விக்குள் வருவார்களா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். ஹற்றன்காரி வருவார்கள் என்று பிடிவாதமாக நின்றா. அவவின் வீட்டில் மூன்று தலைமுறை குனிந்துதான் வேலை செய்தது, அதனால் அவ சொன்னதை விட்டுக்கொடுத்தோம்.

கை மோட்டாருக்கு ஆறு பக்கம். மிஸ் கண்டிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பா என்று பயந்தோம். கேட்டா. ஒரே காலம், ஒரே விசை, ஒரே பிரச்சினை, பீரங்கியை எப்படி ஒரு ஆளின் கைக்குக் கொண்டுவருவது என்பது, என்று சொன்னோம். தலையாட்டினா.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. தோளில் வைத்துச் சுட ஏலாது என்ற பந்திக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டா. நேர்காணல் என்று போட்டிருந்தோம். யாரோடு, எப்போது, எங்கே, முழுப் பெயர் வேண்டும் என்றா. அது முறைதான். பெரியப்பாவுக்கு போன் எடுத்துக் கேட்டோம்.

"பேர் வேண்டாம்," என்றார். "இடியன் வைச்சிருந்தது எண்டு ஏன் எழுதுவான்? ஒருக்கா எழுதினது காணும்."

பெயர் குறிப்பிட விரும்பாத விவசாயி என்று போட்டோம். அதற்கு இரண்டு மார்க்ஸ் குறையலாம் என்று மிஸ் முன்கூட்டியே சொன்னா, குறைந்தது. அசைன்மென்ட் முடிந்துவிட்டது என்று சொல்ல அன்று பின்னேரம் திரும்ப போன் எடுத்தபோது, அவர் மார்க்ஸைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் நாள் நாங்கள் காட்டிய மற்றப் படத்தைப் பற்றிக் கேட்டார், கொழும்பில் இருக்கிற அரசனின் பீரங்கி.

"அதில இருக்கிற சிவப்புக் கல்லு உண்மையான கல்லோ?"

"ஓம் பெரியப்பா. மாணிக்கம்."

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் பெரியம்மா கோழிக்கு ஏதோ பேசுவது கேட்டது.

"அப்ப அதைச் சுட்டிருக்கமாட்டாங்கள் பிள்ளை," என்றார். "ஒரு வெடியில கல்லு எல்லாம் கழண்டு விழுந்திடும்."